பேச்சுத் தும்மல்

சோலைமட்டம் தேயிலைத் தோட்டத்தில் இப்போது சீகை மரங்கள் இல்லை. அயல்நாட்டு மரம், ஊற்றுத் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று அரசாங்கம் வெட்டி எடுத்துவிட்டது, வெட்டிய சரிவில் நட்ட நாவல் கன்றுகள் இடுப்பளவுக்கு வந்துவிட்டன, எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, ஆகவே தும்முகிறவன் தும்மி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறான், பக்கத்தில் நிற்பவர்கள் அவன் முகத்தைப் பார்த்து "யாரு?" என்று கேட்பதில்லை. ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் தும்மலுக்குப் பிறகு கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

தும்மினால் யாரோ நினைக்கிறார்கள் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். சோலைமட்டத்தில் நினைத்தவரின் குரலே கேட்டது. தை பிறந்து பத்தாம் நாள் வாக்கில் சீகை பூக்கும், மரம் முழுக்க மஞ்சளாகி இலை தெரியாமல் போகும், காற்று திரும்பும்போதெல்லாம் மஞ்சள் பொடி எழுந்து தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக் கூரைகளிலும் காயப்போட்ட துணியிலும் பிள்ளைகளின் தலையிலும் படியும், பங்குனி பாதிக்கு மேல் பூ உதிர்ந்து ஓயும். அந்த இரண்டு மாதமும், தும்மியவர் காதில் அந்த நேரத்தில் அவரை எங்கிருந்தோ நினைத்துக்கொண்டிருப்பவரின் பேச்சு ஒரு மூச்சு அளவுக்குக் கேட்டது.

அந்தத் தோட்டத்து ஆட்கள் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து ஆட்களைப் பிரித்தபோது அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வீட்டுக்குள்ளேயே பிரிந்தது, வந்தவர்கள் இந்த மலையில் அதே கொழுந்தைக் கிள்ளினார்கள், நின்றவர்கள் அந்த மலையில் கிள்ளினார்கள். வந்த முதல் தையிலேயே பேச்சு கேட்கத் தொடங்கிவிட்டது. முதலில் தும்மியது யார் என்பதில் தகராறு உண்டே தவிர, கேட்டதா என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

நினைப்பவர் அங்கே ஒரே மூச்சில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் இங்கே கேட்கும், மூச்சு முடிந்த இடத்தில் பேச்சு அறுந்துவிடும். தும்மியவரைத் தவிர வேறு யாருக்கும் கேட்காது. செத்தவர்கள் பேசுவதில்லை. இரண்டு மலையிலும் வெள்ளைக்காரன் ஒரே விதையைத்தான் தூவியிருந்தான் என்பதால் அங்கேயும் சீகை பூத்தது, ஆகவே இங்கே இருப்பவர்கள் நினைப்பதும் அங்கே தும்முகிறவர்களுக்குப் போய்ச் சேரும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது தும்மினால் கணக்கப்பிள்ளை தராசைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார், கூடை ஆடாமல், பெண்கள் வளையல் குலுங்காமல், அத்தனை பேரும் மூன்று எண்ணும் அளவுக்கு வாயை மூடிக்கொள்வார்கள். மேனேஜர் முதல் வருஷம் சத்தம் போட்டார். இரண்டாம் வருஷம், காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவரே தும்மினார், கும்பகோணத்தில் இருந்த அவருடைய அக்கா அந்த நேரத்தில் அவரைப் பற்றி என்ன நினைத்தாளோ, முகம் சிவந்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டார், அதற்குப் பிறகு தடை சொல்லவில்லை. மருதை என்ற, தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற ஆள் ஒவ்வொரு தும்மலுக்கும் கண்ணை மூடிச் சிரிப்பான். "யாரு?" என்று அவன் பெண்டாட்டி கேட்பாள். "எங்கம்மா" என்பான். "உங்கம்மா செத்து ஆறு வருசமாச்சு" என்பாள். "அப்ப எங்க பெரியம்மா" என்பான். மாவட்டத்துப் பத்திரிகை ஒன்று இதையெல்லாம் ஐந்து வரிச் செய்தியாக, சந்தை நிலவரத்துக்குக் கீழே போட்டது.

எண்பத்து மூன்றில் அங்கே கலவரம் நடந்தது. அடுத்த தையில் சிலர் தும்மினார்கள், ஒன்றும் கேட்கவில்லை, மறுபடி மறுபடி தும்மிப் பார்த்தார்கள். பங்குனி முடியும்வரை காத்திருந்துவிட்டுத் தலை மூழ்கினார்கள்.

எது பேச்சுத் தும்மல், எது சளித் தும்மல் என்று சோலைமட்டத்தில் ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். சளித் தும்மல் மழைக்காலத்தில் வரும், உடம்பு சுடும், கை கால் வலிக்கும், மூக்கில் கெட்டியாக வரும், ஒரு வாரத்தில் போய்விடும், அதில் பேச்சும் வராது. பேச்சுத் தும்மலுக்குக் காய்ச்சல் கிடையாது. விடிந்ததும் வரிசையாகப் பத்து, பன்னிரண்டு வரும், மூக்கில் பச்சைத் தண்ணீராக ஓடும், கண் சிவந்து அரிக்கும், அண்ணாக்கும் காதின் உள்பக்கமும் நமநமவென்று அரிக்கும், பூ வந்தால் வரும், பூ போனால் போகும், வருஷம் தவறாது. இவ்வளவும் தெரிந்தவர்களுக்கு, அது மூக்கைவிட்டு நெஞ்சுக்கு இறங்கினால் என்ன என்று மட்டும் தெரியாது. சிலருக்கு இருமல் பிடித்து, நெஞ்சு இறுகி, மூச்சு விடும்போது உள்ளே விசில் அடிக்கும். அதற்கு அடைபட்ட பேச்சு என்று பெயர் வைத்தார்கள். காதுக்குப் போக வேண்டிய பேச்சு வழி தவறி நெஞ்சில் சிக்கிக்கொண்டது, இன்னும் நாலு தும்மல் போட்டால் வெளியே வந்துவிடும் என்று சொல்லி, சீகை மரத்தடியில் உட்காரவைத்துப் பூங்கொத்தைத் தலைமேல் உலுக்குவார்கள். இருளப்பன் என்ற தொழிற்சாலை ஆள் அப்படி மரத்தடியில் சாய்ந்தபடியே செத்துப்போனான். அவனுக்கு வந்தது அவ்வளவு பெரிய பேச்சு என்று மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

தெய்வானைக்குப் பேச்சு அவள் தங்கச்சி பூரணத்திடமிருந்து வரும். பிரியும்போது தெய்வானைக்கு இருபத்தாறு, பூரணத்துக்கு இருபத்துமூன்று. பூரணத்துக்கு வாய் ஓயாது, அதிலும் ஒரே மூச்சில் பேசுவாள், தெய்வானை தும்மிவிட்டு நின்றால் மற்றவர்களுக்கு மூன்று எண்ணியும் போதாமல் பத்து, பதினைந்து எண்ண வேண்டிவரும், கூரைத் தகரம் பறந்ததும், மாடு கன்று போட்டதும், கங்காணி மகள் ஓடிப்போனதும், தெய்வானை விட்டுவந்த சீப்பு இன்னும் பல் விழாமல் இருப்பதும் ஒன்றாக வந்து விழும், தெய்வானை கூடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். "ஒங்க தங்கச்சிக்கு மூச்சே வேணாமாக்கா?" என்று கூடக் கிள்ளுகிற பவளக்கொடி கேட்பாள். கலவரத்துக்குப் பிறகு பூரணம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள், எங்கே என்று தெரியவில்லை, தெய்வானை போட்ட கடிதங்கள் முத்திரை குத்தித் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு பூரணம் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு வருஷத்தில் இரண்டு மாதத் தும்மல்தான் சாட்சி.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் பேச்சு குறையத் தொடங்கியது. ஒரு தையில் பாதி கதையில் அறுந்தது. அடுத்த தையில் ஒரு வரி. அதற்கடுத்த தையில் நாலு சொல், பிறகு மூன்று. "அக்கா, மழ இல்ல" என்று வரும், அவ்வளவுதான். தெய்வானை யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் காத்தமுத்துவிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

"அவ என்னைய மறக்குறா. நெனப்பு கொறைஞ்சு போச்சு."

காத்தமுத்து தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தான். பூவில் முகம் புதைத்தாலும் அவனுக்குத் தும்மல் வராது. "நெனைக்காத ஆளு மூணு வார்த்த மட்டும் எதுக்குச் சொல்லப் போவுது?" என்றான். "எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூட ஆளில்ல, நான் சோறு திங்கலியா?"

தெய்வானைக்கு நாற்பத்தொன்பது வயதான வருஷம் டிஸ்பென்சரிக்குப் புது நர்ஸ் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி, பெயர் ஹெப்சிபா, எல்லோருக்கும் சிஸ்டர். அவளுக்கும் சீகைப் பூ ஒத்துக்கொள்ளவில்லை, முதல் வாரத்திலேயே தும்மினாள், தும்மிய மறுநாளிலிருந்து தினமும் ஒரு மாத்திரை போட்டுத் தும்மலை நிறுத்திவிட்டாள். கேட்க வேண்டாத குரலாக இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள், யாரும் அவளிடம் "யாரு?" என்று கேட்கவில்லை.

தை கடைசியில் தெய்வானை இருமலுக்கு மருந்து கேட்டு வந்தாள்.

"காய்ச்சல் உண்டா?"

"இல்ல சிஸ்டர்."

"கண்ணு அரிக்குதா? மூக்குல தண்ணியா வருதா?"

"அது வருசாவருசம் வர்றதுதான். பேச்சுத் தும்மலு."

"எங்க ஆஸ்பத்திரியில இதுக்கு அலர்ஜின்னு பேரு. இங்கிலீசுக்காரன் வைக்கோல் காய்ச்சல்னே பேரு வச்சிருக்கான், காய்ச்சலே இருக்காது. மூக்கோட நிக்கிற வரைக்கும் பயமில்ல. ஒங்களுக்கு நெஞ்சுல சத்தம் கேக்குதே. விடியக்காலைல இருமி எந்திரிக்கிறீங்களா?"

"ஆமா."

"மேட்டுல ஏறும்போது நின்னு நின்னு ஏறுறீங்களா?"

தெய்வானை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த மாத்திரையப் போடுங்க. டவுன்ல டாக்டரப் பாக்கணும். லெட்டர் தர்றேன்."

"மாத்திர போட்டா தும்மலு நின்னுருமா?"

"நிக்கும்."

தெய்வானை இருமல் மருந்து பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இது போதும் சிஸ்டர்" என்றாள். "எனக்கு வர்றதே மூணு வார்த்த."

மாசி நடுவில் ஒரு நாள் மத்தியானம், கொழுந்து நிறுக்கும் நேரத்தில், தெய்வானை கூடையை இறக்கிவைத்துவிட்டு நிமிர முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் ஏறி ஏறி இறங்கியது, விசில் சத்தம் மூன்றாவது ஆளுக்குக் கேட்டது. பெண்கள் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ச் சரிவில் இருந்த பெரிய சீகையடியில் உட்காரவைத்தார்கள், அன்பில் குறை வைக்காமல் ஆளுக்கொரு கொத்து ஒடித்து உலுக்கினார்கள், தெய்வானையின் தலையும் தோளும் மஞ்சளாயிற்று. தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்த காத்தமுத்து இருளப்பன் சாய்ந்துகிடந்ததைக் கண்ணால் பார்த்தவன். அவன் நேராக டிஸ்பென்சரிக்கு ஓடினான்.

ஹெப்சிபா வந்ததும் முதலில் கொத்துகளைப் பிடுங்கித் தூர எறிந்தாள். தெய்வானையை மரத்திலிருந்து தள்ளிக் கொண்டுவந்து, படுக்கவிடாமல் முன்னால் சாய்த்து உட்காரவைத்தாள்.

"அடைபட்டிருக்கு சிஸ்டர்" என்றாள் பவளக்கொடி. "பேச்சு வெளிய வந்துட்டா சரியாயிரும்."

"வெளிய வர வேண்டியது பேச்சு இல்லம்மா, காத்து."

அவள் தெய்வானையின் கழுத்துக் குழியைப் பார்த்தாள், ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே வாங்கியது. நகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த லயம், எத்தனாம் வீடு, ஒரே மூச்சுல சொல்லுங்க."

"மூணாம்... லயம்... ஏழு..."

ஹெப்சிபா பையிலிருந்து மூச்சு மருந்து அடைத்த நீல பம்பை எடுத்து, தெய்வானையின் வாயில் வைத்து அழுத்தி இழுக்கச் சொன்னாள், கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுக்கச் சொன்னாள், கணக்கப்பிள்ளையைப் பார்த்துக் கொழுந்து லாரியைக் கிளப்பச் சொன்னாள். கொழுந்து நிறுத்து முடியாமல் லாரி கிளம்பியதாகத் தோட்டத்தில் சரித்திரம் இல்லை. கணக்கப்பிள்ளை தராசைக் கீழே வைத்தார். ஆனால் தெய்வானை எழுந்திருக்க மறுத்தாள்.

"வேணாம்... அங்க போனா... நிறுத்திருவாங்க... அவ கொரலு..."

"தங்கச்சி குரலா? இந்த வருசம் என்ன சொன்னாங்க?"

"அக்கா... மழ... இல்ல."

"இப்படியேவா சொன்னாங்க? நீங்க சொல்ற மாதிரி, முறிச்சு முறிச்சு?"

தெய்வானை ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"முன்னாடியும் இப்படித்தான் பேசுவாங்களா?"

"அவளா?" என்று பவளக்கொடிதான் பதில் சொன்னாள். "ஒரு தும்மலுக்கு ஒரு பாரதமே சொல்லுவா சிஸ்டர். நாங்க நின்னு நின்னு காலு மரத்துப்போவும்."

ஹெப்சிபா தெய்வானையின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு, "ஒங்க வீட்டுல வேற யாருக்காவது இழுப்பு உண்டா?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு..."

"இது வீட்டுக்குள்ள ஓடுறது. ஒங்க தங்கச்சி நெனப்பு குறையல. மூச்சு குறைஞ்சிருக்கு. அங்கயும் சீகை உண்டுன்னுதானே சொல்றீங்க, அவங்களும் இந்நேரம் ஒரு மரத்தடியில உக்காந்திருக்காங்க, நாலு பேரு நல்ல மனசோட பூவ உலுக்கிக்கிட்டு இருக்காங்க."

பின்னால் இன்னும் ஒரு கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தி அதை மெல்லக் கீழே போட்டாள்.

"மறக்கல..." என்றாள் தெய்வானை. "அவ... என்னைய..." அந்த வரியை முடிக்க அவளிடம் காற்று இல்லை.

"அவங்களுக்கு யாராவது சொல்லணும். நான் சொன்னா கேக்காது. நீங்க நெனச்சாத்தான் கேக்கும். இப்ப இருக்கிற மூச்சுல நீங்க நெனச்சா அங்க என்ன போய்ச் சேரும்? அவங்க பேரு கூட முழுசா சேராது."

தெய்வானை காத்தமுத்துவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் அவளைத் தூக்கி லாரியில் கொழுந்து மூட்டைகளுக்கு நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்து, கொண்டை ஊசி வளைவுகள் பதினொன்றையும் தாண்டும்வரை முதுகில் கை வைத்தபடி வந்தான். டவுன் ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டிப் புகை மருந்து கொடுத்தார்கள், கையில் ஊசி போட்டார்கள், இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கிய வாக்கியத்தைக் காத்தமுத்துவின் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டார். ஐந்தாம் நாள் அவள் திரும்பி வந்தாள், தினம் போட ஒரு மாத்திரை, காலையும் சாயங்காலமும் இழுக்க ஒரு பம்ப், திடீரென்று நெஞ்சு இறுகினால் இழுக்க இன்னொரு பம்ப். தும்மல் நின்றிருந்தது.

தங்கச்சிக்கு அனுப்ப வேண்டிய வரியை அவளும் ஹெப்சிபாவும் டிஸ்பென்சரிப் பெஞ்சில் உட்கார்ந்து தயார் செய்தார்கள். ஹெப்சிபா நிறையச் சொன்னாள், தெய்வானை வெட்டிக்கொண்டே வந்தாள், கடைசியில் நின்றது இதுதான்: "பூரணம், மூக்கோட நின்னா மாத்திர போடு, நெஞ்சுல விசிலடிச்சா டாக்டரப் பாரு, ஒரு வரி பேச மூச்சு பத்தலேன்னா மரத்தடியில உக்காராத, அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குப் போ." முதல் நாள் அதைச் சொல்ல அவளுக்கு நாலு மூச்சு ஆயிற்று. பிறகு மூன்று. பதினோராம் நாள் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஒரே மூச்சில் சொன்னாள், கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

மறுநாள் பவளக்கொடி தன் அண்ணனை நினைத்து அதே வரியைச் சொன்னாள். அதற்கடுத்த நாள் மருதை சொன்னான், யாரை நினைத்துச் சொன்னான் என்று அவன் பெண்டாட்டி கேட்கவில்லை, பாவம் அவளும் பிழைத்துப் போகட்டும் என்றாள். அந்தப் பங்குனியில் பூ ஓயும்வரை பெரட்டு எடுத்ததும் ஒரு நிமிஷம் வேலை பிரிக்கப்படவில்லை, இருநூற்றுச் சொச்சம் பேர் பனியில் கம்பளி போர்த்தி நின்று, தங்கள் தங்கள் ஆளை நினைத்துக்கொண்டு ஒரே வரியை ஒரே மூச்சில் சொன்னார்கள், மஞ்சள் பொடி பறந்துகொண்டே இருந்தது. தோட்டத்தில் புது வழக்கம் ஒன்றும் வந்தது. யாராவது தும்மினால் முன்போலவே எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், "யாரு?" என்று கேட்டார்கள், பதில் வந்ததும் "நெஞ்சு எப்படி இருக்கு?" என்று இரண்டாவது கேள்வி கேட்டார்கள். மூக்கோடு நிற்பவர்கள் கண் அரிப்பைப் பொறுத்துக்கொண்டு பேச்சு கேட்டார்கள், தூக்கம் கெட்டவர்கள் வார நாளில் மாத்திரை போட்டு ஞாயிற்றுக்கிழமை விட்டார்கள், நெஞ்சில் சத்தம் உள்ளவர்களை ஹெப்சிபா ஒரு நாளும் விட அனுமதிக்கவில்லை. மரத்தடியில் உட்காரவைப்பது அத்தோடு போயிற்று.

தெய்வானை வருஷம் முழுவதும் தினமும் காலையில் அந்த வரியைச் சொன்னாள். பூ இல்லாத மாதத்தில் சொல்லி என்ன பயன் என்று காத்தமுத்து கேட்டான். "அங்க எப்ப பூக்குதோ யாரு கண்டா" என்றாள். அடுத்த தை வந்தது, சீகை பூத்தது, எல்லோரும் தும்மினார்கள், அவளுக்கு வரவில்லை. மாசி போயிற்று. ஒரு நாள் அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருப்பதைக் காத்தமுத்து பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் ஒரு தம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவள் விழுங்கினாள்.

பங்குனி பத்தாம் தேதி, பூ பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்ட பிறகு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளுடைய கூடையைக் கொக்கியில் மாட்டிய நேரத்தில், மாத்திரையை மீறி ஒரே ஒரு தும்மல் வந்தது. ஹெப்சிபா அப்புறம் சொன்னாள், அப்படி ஒன்றிரண்டு வரும், அதில் பயமில்லை என்று.

கணக்கப்பிள்ளை தராசைப் பிடித்துக்கொண்டார். வளையல்கள் அடங்கின.

"அக்கா, காலங்காத்தால ஒன் தொல்ல தாங்கல, ஆஸ்பத்திரிக்குப் போ ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரே பாட்டு, போன பங்குனியிலேயே போயிட்டேன், பெரியாஸ்பத்திரியில ஒம்பது நாளு வச்சிருந்தாங்க, அங்க குடுத்த சோத்துல உப்பே இல்ல, பம்பு குடுத்திருக்காங்க, ரெண்டு வேளையும் இழுக்கிறேன், இழுத்தா வாயக் கொப்புளிக்கணுமாம், நீ கொப்புளிக்கிறியா, ஒனக்குச் சின்னதுலேருந்தே சோம்பலு, மூத்தவளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு, ஒன் பேருதான் வச்சிருக்கோம், அதுவும் ஒன்ன மாதிரியே ஒரே சொல்ல நூறு தடவ கத்துது, அப்புறம் அந்தச் சீப்பு..."

மூன்று எண்ணும் நேரம் முடிந்தது. கணக்கப்பிள்ளையின் கை வலிக்கத் தொடங்கியது.

"யாருக்கா?" என்று பவளக்கொடி மெதுவாகக் கேட்டாள்.

தெய்வானை கையைத் தூக்கி அவளை நிறுத்தினாள். அங்கே இன்னும் மூச்சு முடியவில்லை.